ஒரே குழு, இரண்டு உறை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லிப் பானை கருகியது. அடியில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல், அடுப்படியிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு என் மனைவி மலர்விழி கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மலர் கல்யாணத்துக்கு முன் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தவள். ஒரு கட்டுரைகூட வெளிவந்தது. அப்புறம் ஜூஜுவாடிப் பக்கம் எனக்கு வேலை, குழந்தை, ஸ்கூல் வேன்... பத்து வருஷம் ஓடிவிட்டது. ‘விட்டுவிடு’ என்று நான் சொன்னதில்லை. ‘செய்’ என்றும் சொன்னதில்லை — அதுதான் உறுத்துகிறது.

இப்போது இலவசமாகக் கிடைக்கும் கணித மென்பொருள் ஒன்றுக்கு உதவுகிறாள். வேறொரு மென்பொருளில் இயற்கணிதக் குழுக்கள், அதாவது ‘குரூப்’ என்கிற ஒருவகைக் கணித அமைப்புகள், ஏற்கெனவே இருக்கின்றன. மறுபடி எழுதாமல், அவற்றின் மேல் உறை மாதிரி ஒரு சின்ன நிரலைப் போட்டு இதில் ஓடவைக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் பங்களித்தவர்கள் பட்டியலில் பெயர் வரும். சம்பளம்? மூச்! ஆனால் அந்தப் பெயருக்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும்.

சிக்கல் இதுதான். ஒரே குழுவை இரண்டு தடவை கூப்பிட்டு, ‘இரண்டும் ஒன்றா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றது கம்ப்யூட்டர். மூன்று நாளாக அதே பதில். தொழிற்சாலையில் க்வாலிட்டி பார்க்கிற எனக்கு என்ன புரியும்? டீ போட்டுக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அவளே பிடித்துவிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் ஒரு புது உறை பிறக்கிறது. இவள் எழுதிய நிரல் உறையையும் உறையையும் ஒப்பிட்டிருக்கிறது. உள்ளே எட்டிப்பார்க்கவே இல்லை. அதே டிபன் பாக்ஸ்தான், நேற்று சிவப்புப் பை, இன்று நீலப் பை என்று எனக்காகச் சொன்னாள். ஒரே ஒரு வரியை மாற்றினாள். ஓடியது.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பட்டியலில் போட வேண்டிய பெயரைக் கேட்டிருந்தார்கள்.

மலர் டைப் செய்யாமல் என்னைப் பார்த்தாள். பழைய கட்டுரையில் அவள் அப்பாவின் இனிஷியல், எஸ். கல்யாணத்துக்குப் பிறகு ஆதார், பேங்க் எல்லாவற்றிலும் என்னுடைய கே.

“எந்த இனிஷியலுங்க போடட்டும்?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே... என் எழுத்தை அங்கே பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. முழுங்கிக்கொண்டேன்.

“எஸ்ஸே போடு மலரு.”

“ரெண்டும் நான்தானுங்களே” என்றாள், கண் கலங்க.

“அது எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரையைப் படிச்சவங்களுக்குத் தெரிய வேணாமா?”