ரெண்டு வருஷத்தை மூடிய ஒரு வரி

"...வேல போனது போவட்டும்ணா, அதுகூடப் பெருசு இல்ல. கொழந்த இருக்குதான்னு கேட்டவங்ககிட்டல்லாம் பதினோரு மாசமா இல்ல, இல்லன்னு சொல்லிக்கினு இருந்தேனே, அந்த வாய இன்னா பண்றது? அதச் சொல்லுங்க" என்றாள்.

என் கடையில், கம்ப்யூட்டருக்கு எதிரே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வேலை சுலபம். எந்தத் துக்கத்துக்கும் ஒரு பழமொழி என் நாக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நான் எட்டாவதோடு நின்றவன். டைப்பிங், போட்டோ வெட்டுவது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இங்கிலீஷ் எனக்கு எழுத வராது, அடிக்க வரும். மனிதர்கள் பேசுவதைக் கேட்பது என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். நல்லதாக யாராவது ஒன்று சொல்லிவிட்டால் வீணாய்ப்போன பேப்பரின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன்.

வேலைக்கு ரெஸ்யூம் அடிக்க வருகிறவர்கள்தான் எனக்குப் பிடித்த வாடிக்கை. ஒருவன் வாழ்ந்த வாழ்க்கையை ஒரே பக்கத்தில் அடக்கப் பார்ப்பான். எல்லார் வாழ்க்கையிலும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். உடம்பு சரியில்லாமல் படுத்தது, அண்ணன் தம்பி வழக்கில் அலைந்தது, சும்மாவே கிடந்தது. "இந்த ஒரு வருசத்துக்கு இன்னா போடறதுண்ணா?" என்று தலையைச் சொறிவார்கள். "ஆயிரம் பொய் சொல்லி கல்யாணம் பண்றாங்க, ஒரு பொய் சொல்லி வேல வாங்கனா சாமி கண்ணக் குத்திடுமா?" என்பேன். சிரிப்பார்கள். இல்லாத கம்பெனியில் இல்லாத வேலை ஒன்றை அந்த ஓட்டைக்குள் அடித்துக் கொடுப்பேன்.

அதோடு விட்டேனா? கடை மேசை டிராயரில் ஒரு பட்டன் போன் வைத்திருந்தேன். யாராவது 'பழைய முதலாளியின் நம்பர்' கேட்டால் அந்த நம்பரைத்தான் எல்லா ரெஸ்யூமிலும் போடுவேன். சென்னையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ விசாரித்து போன் வரும். காலையில் நான் டிராவல்ஸ் ஓனர், மத்தியானம் துணிக்கடை மேனேஜர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்ல பையன் சார், எங்களுக்குத்தான் நஷ்டம்" என்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் என்னமோ ஊருக்கு உபகாரம் செய்கிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். பல பேருக்கு வேலை கிடைத்ததும் உண்மைதான்.

என் மனைவிக்கு மட்டும் இது தெரியாது. அவள் பொய்க்கு ஆகாதவள். கடையில் சில்லறை இல்லை என்று நான் சும்மா சொன்னால்கூட, "அந்த டப்பாவுல கெடக்குது பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அவளிடம், "அது சும்மா கெடக்கற போனு. அடிச்சா எடுக்காத. லோன் வேணுமான்னு கேக்கற பேஜாருதான் எல்லாம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

இனி அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியவளைப் பற்றிச் சொல்கிறேன். லேப் டெக்னீஷியன் படித்தவள். கல்யாணமாகி, மகளுக்கு ஒரு வயசானதும் இங்கேயே ஒரு சின்ன லேப்பில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். புருஷன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். ஒரே மகள். அந்தக் குழந்தைக்கு நாலு வயசில் ரத்தத்தில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். ரெண்டு வருஷம் அங்கே பாதி, இங்கே பாதி.

காப்பீட்டு அட்டைக்காகவும் ரிப்போர்ட் நகலுக்காகவும் அடிக்கடி என் கடைக்கு வருவாள். குழந்தையையும் கூட்டி வருவாள். அது ஜெராக்ஸ் மிஷினின் பச்சை பட்டனைத் தானேதான் அமுக்குவேன் என்று நிற்கும். தலையில் முடி கொட்டிப்போய்த் துணித் தொப்பி போட்டிருக்கும். என் மனைவி அதற்குக் கேப்பைக்கூழ் கரைத்துக் கொடுப்பாள். "அத்த, உப்பு பத்தல" என்று அதிகாரம் பண்ணும். ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டும்போதே தாயின் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன். டாக்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்கு அந்த நம்பர்களைப் படிக்கத் தெரியும். "தெரியாதவளாப் பொறந்திருந்தா இன்னும் ரெண்டு நாள் சந்தோசமா இருந்திருப்பேண்ணா" என்று ஒரு தடவை சொன்னாள். அதை மட்டும் நான் குறித்து வைக்கவில்லை. கை வரவில்லை.

ஆறு வயசு முடிய சில நாள் இருக்கும்போது குழந்தை போய்விட்டது.

ஏழெட்டு மாசம் கழித்துப் புருஷனோடு வந்தாள். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், ரெஸ்யூம் வேண்டும் என்றாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, நாலு பேர் ரத்தத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்றாள். நானும் அடித்துக்கொண்டே வந்தேன். படிப்பு ஆச்சு, மூன்று வருஷ வேலை ஆச்சு. அதற்கப்புறம் வெள்ளையாக நின்றது.

"அத அப்டியே விட்டுடுங்கண்ணா" என்றாள்.

"விட்டா கேப்பாங்கம்மா. இன்னா சொல்லுவ?"

"கொழந்தயப் பாத்துக்கினு இருந்தேன்னு சொல்லுவேன்."

"சரி, கொழந்த எங்கன்னு கேப்பானே. அந்த எடத்துல நீ ஒடஞ்சி போயிட்டா வேல குடுப்பானா?"

அவள் திரையில் வெள்ளையாக நின்ற அந்த இடத்தையே பார்த்தாள். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதற்கு மிஞ்சிய கள் கிடையாது. புதுச்சேரியில் ஒரு தனியார் லேப், டெக்னீஷியன், ரெண்டு வருஷம் என்று ஒரே வரியில் அடித்தேன். கீழே டிராயர் போனின் நம்பரைப் போட்டேன். வாசலில் பீடியை அணைத்துவிட்டு வந்த அவள் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு, "மேல நல்ல காயா கொட்டி நடுவுல பொக்கைய வெச்சாலும், யாவாரி குத்தூசி நடுவுலதாண்ணா எறங்கும்" என்றார். பருப்பில்லாத பொக்கைக் காய் கலந்திருக்கிறதா என்று மண்டியில் மூட்டையின் நடுவில் ஊசியைக் குத்திச் சரக்குப் பார்ப்பதைத்தான் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உடனே குறித்தும் வைத்துக்கொண்டேன். குறித்து வைத்தவனுக்கு அது தனக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. காலை ரயிலில் விழுப்புரம் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். கடை வழியாகப் போகும்போது கையை ஆட்டுவாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என் ஒரு வரியால்தான் இந்தப் பெண் எழுந்து நடக்கிறாள் என்று எனக்குள் ஒரு கர்வம்.

வருஷம் முடிந்தால் நிரந்தரம் செய்வார்களாம். ஆஸ்பத்திரி ஏதோ தரச்சான்று வாங்கப் போகிறதென்று எல்லார் ஃபைலையும் எடுத்து, பழைய இடங்களில் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் விக்கிரவாண்டியில் ஒரு புதுமனை புகுவிழாவில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தால் என் மனைவி வாசலிலேயே நிற்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த போன் நாலு தபா அடிச்சிதுங்க. யாருக்கு இன்னா அவசரமோன்னு எடுத்தேன். நம்ம பாப்பாவோட அம்மா வேல செய்யற விழுப்புரம் ஆஸ்பத்திரியாம். உங்க லேப்ல ரெண்டு வருசம் இருந்தாங்களே, எப்டின்னு கேட்டாங்க. லேப்பா? இது ஜெராக்ஸ் கடைங்க, நம்பர் மாத்திப் போட்டிருப்பீங்கன்னேன். ஆனா அவளத் தெரியாதா எனக்கு, தங்கம்ங்க, ரெண்டு வருசம் பெத்த கொழந்தய மடியிலயே வெச்சிக்கினு புதுச்சேரி ஆஸ்பத்திரியில கெடந்தாளே, அப்டி ஒரு பொறுமசாலிய நீங்க பாக்க முடியாதுன்னு எல்லாத்தயும் சொன்னேன். அந்த அம்மா ரொம்ப நேரம் கம்முனு கேட்டுக்கினு இருந்தாங்க. நிச்சயம் நெரந்தரம் பண்ணிடுவாங்க பாருங்க!"

நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.  உண்மையை அவளிடம் சொல்ல ரொம்ப நாள் ஆயிற்று. சொன்னபோது அவள் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "உங்க பொய்ய நான் ஒடச்சேன்னு நெனச்சிடாதீங்க, எங்கிட்ட மறச்சதாலதான் ஒடஞ்சிது" என்றாள். 

போன் வந்த அன்று சாயங்காலத்திலிருந்து நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. எட்டாம் நாள் அவளே வந்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதினோரு மாசம் ஓடியதால் அடி மட்டும் பெரிதாக விழுந்தது.

லேப்புக்குத் தலைமையாக இருக்கும் அம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசியிருக்கிறார். "கொழந்தயப் பாத்துக்கினு இருந்தேன்னு எழுதியிருந்தா நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்? உன் கை சுத்தம், வேல சுத்தம். ஆனா நீ எழுதற நம்பர நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதறாரு. இனிமே ஒவ்வொரு ரிசல்ட்டயும் நான் ரெண்டாந்தரம் பாக்கணும். அது முடியாதும்மா." சொல்லும்போது அந்த அம்மாவுக்கும் கண் கலங்கியதாம். "அவங்க சொன்னது நியாயம்தாண்ணா" என்றாள் இவள். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

பிறகுதான் நான் கேட்கவே நினைக்காத ஒன்றைச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கூட வேலை செய்கிறவர்கள், கல்யாணமாகி எத்தனை வருஷம், குழந்தை எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மகள் இருந்தாள் என்று சொன்னால், எப்போது, என்ன நோய், எங்கே பார்த்தீர்கள் என்று வரும். நான் அடித்த அந்த லேப் வேலையும் குழந்தையின் ஆஸ்பத்திரியும் ஒரே ரெண்டு வருஷத்தில் நிற்க முடியாது. அதனால் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை சொன்னதைத் தினமும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கைபேசியில் மகளின் படத்தை மாற்றி ஏதோ பூப்படம் வைத்தாள். மகளின் திதியன்றுகூட, தலைவலி என்று சொல்லி லீவு கேட்டிருக்கிறாள்.

"கூட இருந்த அக்கா ஒருத்தங்க நல்ல மனசுண்ணா. எம்மேல எரக்கப்பட்டு ஒரு ஞாயித்துக்கெழம திருவக்கரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கினு போனாங்க. கொழந்த வரம் கேட்டுத் தொட்டில் கட்டுன்னாங்க. மஞ்சத் துணியில தொட்டில் மடிச்சி, உள்ள ஒரு கல்லு வெச்சிக் கையில குடுத்தாங்க. கட்டனேண்ணா. பெத்து, வளத்து, மண்ணுல வெச்சவ, மலடின்னு நின்னு தொட்டில் கட்டனேன். அம்மா மொகத்த ஏறிட்டுப் பாக்க முடியல."

அதற்கப்புறம்தான், "வேல போனது போவட்டும்ணா" என்று அந்த வாயைப் பற்றிக் கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "வேற ரெஸ்யூம் அடிச்சித் தர்றேம்மா, இந்தத் தபா உள்ளபடி போடலாம்" என்று கீபோர்டை இழுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான் போல. அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "அடியே, எப்ப வந்த? கொரல் கேட்டுதேன்னு பாத்தேன். அன்னிக்கி உங்க ஆஸ்பத்திரியில பேசனது நான்தான், சொன்னாரா இவரு? நெரந்தரம் ஆயிட்டியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆயிட்டேன் அண்ணி" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும்! பாப்பா பேரச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். அது உப்பு பத்தலன்னு என்ன மெரட்னதக்கூட சொன்னேன். அந்த அம்மா சிரிச்சாங்க."

"அவ பேரச் சொன்னீங்களா? அங்க?"

"சொல்லாம?"

நாற்காலியை விட்டு எழுந்தாள். உள்வாசற்படியில் என் மனைவியைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, தானும் அவள் தோளில் தோள் இடிக்க நெருங்கி உட்கார்ந்தாள். "எம்மவளப் பத்தி இன்னா இன்னா சொன்னீங்க அண்ணி, மொதல்லேர்ந்து ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.