புலிப் போர்வையும் ஒரு வேட்டித் துண்டும்

இந்த ஊர்க் கடைத்தெருவில் துண்டுத் துணி விற்கிறார்கள். கையகலச் சதுரமாக நறுக்கி, பட்டு நாடா கட்டி, கண்ணாடி அலமாரிக்குள் வைத்து. ஒரு கட்டின் விலைக்குத் தென்காசியில் நல்ல சேலையே எடுத்துவிடலாம். கனடாவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில், ஏதோ தையல்காரர் கழித்துப் போட்டதைத் தவறிப்போய் அடுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். முழுத் துணியை வாங்கி, வெட்டி, அதையே ஒட்டுப்போட்டுப் போர்வையாக்குவது இங்கே ஒரு பொழுதுபோக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் குவில்ட். கிழியாததைக் கிழித்துத் தைக்கிற அளவுக்கு நேரம் வாய்த்தவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

பக்கத்து வீட்டு மார்கரெட், ஓய்வுபெற்ற ஆசிரியை, என்னையும் நூலகத்தில் கூடும் குவில்ட் குழுவில் சேர்த்துவிட்டார். இந்தக் குளிர்காலக் கண்காட்சிக்குத் தலைப்பு ‘என் குழந்தைப் பருவம்’. மற்ற சதுரங்கள் எப்படியும் இருக்கலாம், நடுச்சதுரம் மட்டும் சிறுவயதில் நம் வீட்டில் புழங்கிய துணியாக இருக்க வேண்டுமாம். மார்கரெட் தன் ஞானஸ்நான உடையைக் கொண்டுவந்தார். இன்னொருவர் முதல் நாள் பள்ளிக்குப் போட்டுப்போன கவுனை, அந்துருண்டை வாசனையோடு. “ஒவ்வொரு துண்டும் ஒரு கதை சொல்லும். உன்னுடையது எங்கே?” என்று கேட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பழந்துணிக்குக் கதை சொல்ல ஏது நேரம்? என் பாவாடை தங்கைக்குப் போகும். அவளுக்கும் பற்றாமல் போனால் சோற்றுப்பானை இறக்கும் கரித்துணி. அப்புறம் தரை துடைக்க, கடைசியில் சைக்கிள் செயின் துடைக்க. கொஞ்சம் தரமான சேலைகள் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போய் எவர்சில்வர் வாளியாகத் திரும்பி வந்தன. என் குழந்தைப் பருவம் அம்மாவின் அடுக்களையில் வாளியும் போணியுமாகக் கவிழ்ந்து கிடக்கிறது, அதைச் சதுரமாக வெட்ட முடியாது என்று மார்கரெட்டிடம் சொன்னேன். “எவ்வளவு பெரிய இழப்பு!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாளிக்காக அம்மா பாத்திரக்காரரிடம் மல்லுக்கட்டி ஜெயித்ததை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆனாலும் எனக்கு ஒரு துண்டு வேண்டியிருந்தது. அப்பாவுடைய துணி. சாரல் தொடங்கிவிட்டால் அப்பா வீடு தங்கமாட்டார். விடிந்தும் விடியாமலும் என்னையும் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்கு வண்டியை விடுவார். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போவார். எவ்வளவு நின்றாலும் எண்ணெய் முழுதும் போகாது, மீதியெல்லாம் வேட்டியில். அந்தக் கறையோடு அம்மா காலமெல்லாம் சோடாவும் சவுக்காரமுமாகச் சண்டை போட்டாள். அப்பா போய்விட்ட பிறகு அவருடையது என்று என்னிடம் ஒரு நூல்கூட இல்லை. அது எனக்கு வலித்தது. தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

“அம்மா, அப்பா வேட்டி எதுவும் கெடக்கா? கிழிஞ்சதா இருந்தாலும் போதும். போர்வை தைக்கணும்.”

அம்மா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ஏட்டி, மாப்பிள்ளைக்கு வேலை போயிட்டா? என்கிட்ட மறைக்காத.”

“இல்லம்மா. இங்கன எல்லாரும் பழந்துணியிலதான் தைக்காங்க.”

“ஊரே அப்படியா கெடக்கு! அப்பா துணியெல்லாம் காரியத்தன்னைக்கே குடுத்தாச்சு. செத்தவுக துணிய மூட்ட கட்டி மக வீட்டுக்கு அனுப்புத தாயை நீ எங்கனயாவது பாத்திருக்கியா?”

போனை வைத்துவிட்டு அழுதேன். தென்காசியிலோ, நான் குளிரில் விறைத்துக் கிடக்கிறேன் என்று முடிவாகிவிட்டிருந்தது.

கொஞ்ச நாளில் மூட்டையாக ஒரு பார்சல் வந்தது. அம்மா அட்டைப்பெட்டியை நம்பமாட்டாள். வெள்ளைத் துணியால் சுற்றி, கோணி ஊசியால் நெருக்கித் தைத்திருந்தாள். வெட்டிப் பிரித்தால் உள்ளே ஒரு புலி. தென்காசியில் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு மைமூன் அக்காவின் மகன் சவுதியிலிருந்து கொண்டுவந்த, ஆள் கனத்துக்குக் கனக்கிற, புலிப்படம் போட்ட கம்பளிப் போர்வை. அதைப் பார்த்த மார்கரெட், “உங்கள் ஊர்ப் பாரம்பரிய நெசவா?” என்று மெதுவாகத் தடவினார். ஆமாம் என்றேன். எங்கள் பக்கத்தில் பாதி ஆண்கள் கடல் கடந்து போய்க் கொண்டுவரும் பாரம்பரியம் அது.

அவர் போனதும் குப்பையில் போடுவதற்காக மேலுறைத் துணியை எடுத்தேன். ஓரத்தில் மெல்லிய பச்சைக் கரை. அதை ஒட்டி மஞ்சளாக, திட்டுத்திட்டாக எண்ணெய்க் கறை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, இது அப்பா வேட்டிதான? ஒண்ணுமில்லன்னு சொன்னியே!”

“கற பட்டத யாருக்குட்டி தானம் குடுக்க? பரண்ல கெடந்துச்சு. நான் என்ன உள்ள வச்சா அனுப்புனேன்? மேல சுத்துனதெல்லாம் ஒரு கணக்கா?” பிறகு குரல் இறங்கியது. “அந்தக் கற போயிட்டா?”

“இல்லம்மா. அப்படியே இருக்கு.”

“கெடக்கட்டும்,” என்றாள்.

என் பழைய சுடிதார்களையும் கணவரின் சட்டைகளையும் வெட்டிச் சுற்றிலும் தைத்து, நடுவில் அந்த வேட்டித் துண்டை வைத்தேன். அந்தத் துண்டில், பார்சலின் மடிப்புக்கு ஒருபக்கம் என் முகவரியும் மறுபக்கம் அம்மாவின் முகவரியும் அழியாத மையில் எழுதியிருந்தன. எழுத்து வெளியே தெரியாமல் திருப்பித் தைக்கலாமே என்றார் மார்கரெட். முடியாது என்றுவிட்டேன். கண்காட்சியன்று சுவரில் மாட்ட ஏணியில் ஏறிய நூலக ஊழியர் குவில்ட்டை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து, “இதற்கு எது மேல்பக்கம்?” என்று கேட்டார். மூட்டையாக இருந்தபோது இது தெரியவில்லை. விரித்துப் போட்டதும் ஒரு முகவரி நேராகவும் மற்றது தலைகீழாகவும் இருந்தது. அவர் திருப்பத் திருப்ப, ஒரு தடவை தென்காசி தலைகீழாக நின்றது, மறு தடவை நான் இருக்கும் ஊர். கையைக் கட்டிக்கொண்டு கீழே நின்றேன். “இன்னொரு தடவை திருப்புங்கள்,” என்றேன்.