தலைவியை விற்ற ஞாயிற்றுக்கிழமை

2005-ஆம் வருடக் கோடை. நான் மரக்காணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஆரோவில்லில் ஊதுவத்தி தயாரிக்கும் இடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கூட வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுப் பெண் எனக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தாள். ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும், கதை சொல்பவர் கேட்டால், பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பலித்தது என்று அர்த்தம்.

எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துப்போனது. ஊரிலும் ஒரு கூட்டம் சேர்த்தேன். நர்ஸ் வேலை பார்க்கும் என் தோழி, செல்போன் கடை வைத்திருந்த பையன், பக்கத்து வீட்டு அக்கா, அப்புறம் அவன். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக உப்பளம் இருந்தது. அவர்கள் குடோனின் முன்னறையில் மேசையும் ஃபேனும் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கேதான் கூடுவோம். அக்கா அதே உப்பளத்தில் உப்பு வாரும் கூலி வேலை செய்தார்.

கடல் கதை வேண்டாம் என்பது பேசாமலே முடிவானது. சுனாமி அலை வந்துபோய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதனால் மலைநாட்டைக் கடந்துபோகும் ஒரு வண்டிக் கூட்டத்தின் கதையை ஆரம்பித்தேன். கூட்டத்துக்கு யார் தலைமை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அக்கா பெயர் வந்தது. முதலில் கூச்சப்பட்டவர், இரண்டாவது வாரமே "வண்டிய நிறுத்துங்கடா, முன்னாடி நான் போய்ப் பாக்கறேன்" என்று அதட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவ்வளவு அழகாக இருந்தது.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. தலைவி பாலத்தைக் கடக்கச் சொன்னால், "நான் கயித்த அறுத்துட்டேன்" என்பான். காவலுக்கு நிற்கச் சொன்னால், "காளைய அவுத்து உட்டுட்டேன்" என்பான். ஒவ்வொரு வாரமும் கதை அங்கேயே சிக்கிக்கொண்டு நின்றது.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவனைத் தனியாகப் பிடித்துப் பொறுமையாகவே கேட்டேன். "கதை புடிக்கலன்னா சொல்லுப்பா, மாத்திக்கலாம்."

"கதை நல்லாத்தான் இருக்குது. எங்க பாத்தியில உப்பு வாரற பொம்பள எனக்கு ஆர்டர் போடுறதுதான் நல்லா இல்ல" என்றான், கொஞ்சம்கூடத் தயங்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. இஷ்டமில்லை என்றால் வராதே, வந்தால் அடுத்தவர் பாத்திரத்தைச் சீண்டாதே என்றேன். சரி என்று தலையாட்டினான்.

அடுத்த ஞாயிறு வண்டிகள் ஒரு சந்தையை அடைந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் பகடையை எடுத்து உருட்டினான். பெரிய எண் விழுந்தது. "தலைவியக் கட்டி இழுத்துட்டுப் போய்ச் சந்தையில வித்துட்டேன். எங்கேயாவது உப்பு வாரட்டும்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

அக்கா மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது நடக்கல" என்றேன்.

"பகடை விழுந்துச்சில்ல? ரூல்னா ரூல்தான்."

"எப்ப உருட்டணும்னு சொல்றது நான். இதுக்கு நான் உருட்டச் சொல்லல. இந்தக் கதையில அது நடக்கவே இல்ல. இனிமே இந்தக் கூட்டத்துல நீயும் இல்ல."

"உக்காந்திருக்கிறது யார் எடம்னு ஞாபகம் இருக்குதா?" என்று எழுந்தான்.

அவனைவிட என்னை அதிகமாகக் கொதிக்க வைத்தது என் தோழிதான். "விடுடி, விளையாட்டுதானே. அக்காவே ஒண்ணும் சொல்லல, உனக்கு இன்னா?" என்றாள். அக்கா எப்படிச் சொல்வார்? விடிந்தால் அவன் அப்பாவின் உப்பளத்தில் போய் நிற்க வேண்டியவர் அவர். இதுகூடவா ஒரு நர்ஸுக்குப் புரியாது?

அக்கா எழுந்து வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். செல்போன் கடைப் பையனும் வந்துவிட்டான். தோழி வரவில்லை.

அந்த வாரமே உப்பள மேஸ்திரி அக்காவிடம் "ஆளு போதும்மா, இனிமே வர வேணாம்" என்று சொல்லிவிட்டான். விளையாட்டு என்றார்களே, விளையாட்டில் தோற்றவனுக்காக ஒரு பெண்ணின் பிழைப்பைப் பிடுங்குவார்களா? நியாயம் கேட்க நானே நேரில் போனேன். அவன் அப்பா உள்ளே இருந்துகொண்டே, தான் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா வீட்டுக்குப் போய், "என்னாலதானே உங்களுக்கு இப்படி ஆச்சு" என்று அழுதேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ ஏன் அழுவுற? நீ பேசலன்னா அன்னிக்கு நான் அந்த ரூம்ல செத்திருப்பேன். வேற உப்பளத்துல கேட்டிருக்கேன். தூரந்தான், போய்க்கலாம்." பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் என்னை வித்தது நடக்கலன்னு சொன்னியே. அப்ப நம்ம வண்டியெல்லாம் இப்ப எங்க நிக்குது?"

"சந்தையிலதான் நிக்குதுக்கா."

"அப்ப ஏன் நிக்குது? கெளப்பு."

அதற்குப் பிறகு செல்போன் கடையிலேயே, வியாபாரம் இல்லாத மதிய நேரத்தில், மூன்று பேராக ஆடினோம். மழைக்காலம் வந்து உப்பளங்கள் மூடும்போது வண்டிகள் மலையைத் தாண்டியிருந்தன. அவன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. தோழியும் தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் மீதும் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

இன்றும் யாராவது "சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்லும்போது நான் சிரிப்பவரைப் பார்ப்பதில்லை, வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்றுதான் தேடுகிறேன்.