கொய்யாவைத் தடுத்தவர்கள், ஜெல்லியைத் தந்தவர்கள்

சாப்பிட்டுக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கிரேஸின் மேலுதட்டில் வியர்வை அரும்பும், விரல்கள் நடுங்கும். மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராத குரலில், "என்னங்க, கொஞ்சம் படுத்துக்கறேன்" என்பாள். புற்றுக்கட்டிக்காக என் மனைவியின் இரைப்பையில் பெரும்பகுதியை அகற்றிய பின், காக்ஸ் டவுன் வீட்டில் எங்கள் சாப்பாட்டு வேளைகள் இவ்விதமே முடிந்தன.

அறுவை மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார்: டம்பிங் சிண்ட்ரோம் (இரைப்பையில் தங்க வேண்டிய உணவு, தங்க இடமின்றிச் சிறுகுடலுக்குள் விரைந்து கொட்டிவிடும் நிலை). கொட்டிய உடனே வியர்வையும் நடுக்கமும் வரும்; இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். அதை அடக்க இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் சுரப்பு) மிகுதியாகச் சுரக்கும். ஓரிரு மணி நேரத்தில் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடும்.

"கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க சார். சாப்பாட்டோட தண்ணி வேண்டாம், அரை மணி கழிச்சுக் குடுங்க. இனிப்பு கூடாது. பெக்டின்னு ஒரு நார்ச்சத்து இருக்கற பழம் நல்லது. ஆப்பிள், கொய்யா, வேகவெச்சு விதை இல்லாம வடிகட்டிடுங்க" என்றார்.

எளிய, போதுமான அறிவுரை. எங்கள் வீட்டில் அது ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

கிரேஸின் தங்கை ஸ்டெல்லா பிரேசர் டவுனிலிருந்து நாள்தோறும் வருவாள். அன்பானவள், அந்த அன்பைக் கைப்பேசி வழியாக ஒரு 'வெல்னஸ் கோச்' (உடல்நல ஆலோசகர்) நடத்திக்கொண்டிருந்தார். நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அத்தான், கொய்யா வேண்டவே வேண்டாம். பெக்டின்கூட கார்ப்தான். அக்காவுக்கு கார்ப்பே ஆகாதுன்னுட்டாங்க."

"நீ கட்டியிருக்கற காட்டன் சேலையும் கார்ப்தான் ஸ்டெல்லா."

"எதக் கேட்டாலும் ஒரு லெக்சர்! அக்கா, இவரோட எப்படித்தான் குடும்பம் நடத்தின?"

"பரீட்சை வெக்கலையே, அது போதும்" என்று கிரேஸ் சிரித்தாள்.

நான் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அன்று சொல்ல முனைந்ததை, இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார்ப், அதாவது கார்போஹைட்ரேட், என்பது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர்; சேலையின் பருத்தி இழையும் அதில் சேர்த்தி. சர்க்கரை அதன் சிற்றலகு. குளுக்கோஸ் அலகுகள் நீளமாகக் கோத்த சங்கிலி, அரிசியில் உள்ள ஸ்டார்ச். அதை அறுக்கும் நொதிகள் (செரிமானத்தைத் தூண்டும் புரதங்கள்) நம் உடலில் உண்டு. பெக்டினும் சங்கிலிதான், ஆனால் அதன் அலகுகள் வேறு. அதை அறுக்கும் நொதி மனிதனுக்கு இல்லை. அது நீரோடு சேர்ந்து கூழாகி, உணவின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தி, சர்க்கரையாகாமலே பெருங்குடலைச் சேர்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உண்கின்றன. ஒரே குடும்பம் என்பதற்காக எல்லோரையும் வாசலில் நிறுத்துவது அறிவல்ல, சோம்பல்.

ஆயினும் ஸ்டெல்லாவே வென்றாள். வியர்வைக்கு அஞ்சிய கிரேஸுக்குத் தடைகள் ஆறுதலாக இருந்தன. கஞ்சி போயிற்று, பழம் போயிற்று. முட்டையும் பனீருமாக நாட்கள் கழிய, கிரேஸ் கரைந்துகொண்டே வந்தாள். தள்ளுவண்டிக்காரர் "சீபே ஹண்ணு" என்று கன்னடத்தில் கொய்யாவைக் கூவிப் போகும்போது, சத்தம் தெருமுனை திரும்பும்வரை சன்னலையே பார்த்திருப்பாள்.

கிறிஸ்துமஸ் மதியம் ஸ்டெல்லா ஒரு பாட்டிலோடு வந்தாள். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தப் பண்டிகைக்குக் கொய்யா ஜெல்லி கிண்டாமல் இருப்பதில்லை.

"சாப்பிடுக்கா. கோச்கிட்ட கேட்டுட்டேன். ஜெல்லியா உறைஞ்சிட்டா சர்க்கரை எல்லாம் பெக்டினா மாறிடுமாம். வெறும் ஃபைபர்தான்!"

கொய்யாச் சாற்றின் எடைக்கு எடை சர்க்கரை கொட்டி, கை ஓயக் கிண்டியவள் அவளேதான். நான் விருந்தினரை வாசலில் வரவேற்றுவிட்டுத் திரும்புவதற்குள் கிரேஸ் பல கரண்டிகள் உண்டுவிட்டாள். இத்தனை வாரம் கொய்யாவைத் தடுத்தவர்கள், அதன் சாற்றில் உறைந்த சர்க்கரையைக் கையில் கொடுத்திருந்தார்கள். பெக்டின் பெக்டினாகவும், சர்க்கரை சர்க்கரையாகவும் அந்தப் பாட்டிலில் இருந்தன. எந்த கோச்சுக்காகவும் அவை தம் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

தேநீர் வேளையில் கிரேஸ் நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி அவளை மீட்டார்கள். மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு, "கஞ்சியும் பழமும் நிறுத்தச் சொன்னது யாரு?" என்றார். ஸ்டெல்லா கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டாள். கிரேஸ் கண்ணைத் திறக்காமலே, "டாக்டர், அந்த ஜெல்லி நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

அதன்பின் சமையலறை என் பொறுப்பாயிற்று. கொய்யாவை வேகவைத்து, விதை நீக்கி மசித்து, சாப்பாட்டின் நடுவே கொஞ்சமாகக் கொடுத்தேன். சாதமும் சிறு அளவில் திரும்பியது. வியர்வை முற்றிலும் நிற்கவில்லை, அரிதாயிற்று. ஈஸ்டர் ஆராதனை முழுவதும் கிரேஸ் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இதைத் தேறுதல் என்றே எழுதுகிறேன், பின்னால் நடந்ததை அறிந்திருந்தும்.

மழைக்காலத்தில் கட்டி கல்லீரலில் தோன்றியது. அதற்குப் பெக்டினும் மருந்தில்லை, மருந்தும் மருந்தில்லை. அடக்கத்துக்கு வந்த ஒருவர் என் தோளைத் தொட்டு, "நீங்களாவது கார்ப் குறைங்க சார்" என்றார். நன்றி சொன்னேன். கல்வி சில சமயம் மனிதனை மௌனமாக வைத்திருக்க மட்டுமே உதவுகிறது.

இப்போது தனியாக உண்கிறேன். என் இரைப்பை முழுதாக இருக்கிறது. அதற்கு எந்த விதியும் தேவையில்லை. ஆயினும் மேசையில் தண்ணீர் வைப்பதில்லை. கடைசிக் கவளத்துக்குப் பின், மருத்துவர் கிரேஸுக்குச் சொன்ன அந்த அரை மணியும், வறண்ட தொண்டையோடு எதிர் நாற்காலியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறேன். நாளின் மற்ற பொழுதுகளுக்கு நீளம் இல்லை; இந்த அரை மணிக்கு மட்டுமே உண்டு. அங்கே யாருக்கும் வியர்க்கவில்லை என்பது உறுதியான பிறகு, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன்.