பூதலூர் கேட்டில் அலறிய கார்

கார் வெடிக்கப்போகிறது என்று முழுதாக நம்பியவன் நான். தொண்ணூறுகளில், வளைகுடா வேலைக்குக் கிளம்பிய மச்சானைத் திருச்சி விமான நிலையத்துக்கு என் பழைய காரில் அழைத்துப் போனேன். பூதலூர் ரயில்வே கேட்டில் நின்றபோது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் அலறியது. “எல்லாரும் இறங்குங்க!” என்று கத்தியபடி முதல் ஆளாக வயலில் குதித்தேன்.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தவள் என் மனைவி. “எங்கள விட்டுட்டு எங்கங்க ஓடுறீங்க?”

“அத்தான், பிளைட்டு போயிடும்,” என்றான் மச்சான், அழாத குறையாக.

சேற்றுக் காலோடு திரும்பினேன். மறுபடி கிளப்ப, குளிர்ந்த எஞ்சின் வேகமெடுத்து ஓட இழுக்கும் சோக் குமிழை நோக்கிப் பழக்கத்தில் கை நீட்டினேன். அது ஏற்கெனவே முழுதாக வெளியே வந்திருந்தது. அதில் புளிச்சோற்றுப் பை தொங்கியது. மாட்டியது மச்சான்தான். பையை அவன் மடியில் போட்டு, குமிழை உள்ளே தள்ளிக் கிளப்பினேன். எஞ்சின் சாதுவாக முனகியது. “கண்டுபுடிச்சிட்டேன்டி!” என்று நான் கூவியதில் பக்கத்துப் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கேட் திறந்தது. மச்சான் அன்றைக்கே விமானம் ஏறினான்.