ஹெல்மெட்டில் தெறித்த ஈயம்

என் மாமனாரின் கண்ணைக் காப்பாற்றியது நானா, இல்லை அதைப் போக்கப் பார்த்ததே நானா? போன விஜயதசமியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. நானும் இரண்டு வயது மகளும் மாமனார் மாமியாருடன் இருக்கிறோம். மக்காச்சோளம் விதைத்த மறுநாளே இங்கே காட்டுப்பன்றிகள் வந்துவிடும். முளைக்காத விதையைக்கூட வரிசை தப்பாமல் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். அதற்காகவே மாமனார் லைசென்ஸோடு ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறார். பட்டாளத்தில் கழித்துவிட்டதை அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்ததாம். குழல் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்க வேண்டிய பழைய துப்பாக்கி. வெடிச்சத்தம் கேட்டாலே பன்றிகள் ஓடிவிடும் என்பார்கள். ஆனால் குண்டில்லாத துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவது மாமனாருக்குக் கௌரவக் குறைவு.

குண்டுகளை அவரே வார்ப்பார். சக்கரத்தில் எடை சரிசெய்ய மாட்டும் ஈயத் துண்டுகள் கயத்தாறு டயர் கடைகளில் கழிவாகக் கிடைக்கும். அவற்றை உருக்கி, குறடு போலத் திறந்து மூடுகிற இரும்பு அச்சில் ஊற்றுவார். அச்சுக்குள் இரண்டு குழிகள், ஒரு தடவைக்கு இரண்டு குண்டுகள்.

ஈயம் குழந்தைகளுக்கு ஆகாது என்று படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அடுப்பைக் கொல்லைக்கு வெளியே போடச் சொன்னேன். ஈயக் கரண்டி வீட்டுக்குள் வரக் கூடாது, அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டேன். மாமனார் முணுமுணுத்தாலும் எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டார்.

ஆயுத பூஜைக்கு ஓய்வு கொடுத்த கருவிகளை மறுநாள் எடுத்து, பெயருக்காவது ஒரு வேலை செய்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். போன விஜயதசமி காலையில் மாமனார் அடுப்பு மூட்டினார். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

“மாமா, கண்ணுக்கு ஒண்ணும் போடாம ஊத்தாதீங்க. அவிய விட்டுட்டுப் போன ஹெல்மெட்டு சும்மாதான கெடக்கு, மாட்டிக்கிடுங்க.”

“நாப்பது வருசமா ஊத்துதேன் தாயி. எந்த ஈயமும் என்னைக் கடிச்சதில்ல.”

மாமியார் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லை வாசலில் நின்று சிரித்தார். “ஏட்டி, உன்னைய விட்டா தோசைக்கல்லுக்கும் ஹெல்மெட்டு மாட்டுவ போலிருக்கே!”

நான் நகரவில்லை. “சரி, கொண்டா. இல்லன்னா நல்ல நேரம் முடியுத வரைக்கும் நின்னு வாதாடுவ” என்று மாமனார் வாங்கி மாட்டிக்கொண்டார். வேட்டியும் ஹெல்மெட்டுமாக அவர் குத்தவைத்ததைப் பார்த்து மாமியார், “மாப்பிள்ளை பைக்கை எங்கன விட்டுட்டு வந்தீங்க?” என்று கேட்டதும் நானும் சிரித்துவிட்டேன். பிறகு மாமியாரையும் மகளையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, பத்தடி தள்ளி நின்றுகொண்டேன்.

பயந்தாலும் ஈயம் உருகுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அழுக்குத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டி முழுக்க வெள்ளிபோலப் பளபளக்கும். மாமனார் மேலே மிதந்த கசடை வழித்துப் போட்டார். அச்சின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, நெருப்பில் இரண்டு புரட்டு புரட்டினார். நல்ல நேரம் முடியப்போகிற அவசரம். முதல் குழியில் ஊற்றினார்.

டப்பென்று ஒரு சத்தம். அச்சிலிருந்து ஈயம் வாணம்போல மேலே சீறியது. மாமனார் பின்னால் மல்லாந்து விழுந்தார். நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. “மாமா! மாமா!” என்று கத்திக்கொண்டே கண்ணாடியைத் தூக்கினேன். உள்ளே இரண்டு கண்களும் என்னைப் பார்த்து விழித்தன.

“ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல.”

முழங்கையில் மட்டும் ஒரு தீக்காயம். ஹெல்மெட் கண்ணாடியில், வலது கண்ணுக்கு நேராக, மூன்று ஈயச் சொட்டுகள் ஒட்டி உறைந்திருந்தன.

அன்று எங்கள் வீடு திருவிழா வீடுபோல ஆகிவிட்டது. தெருவே வந்து அந்த ஹெல்மெட்டைத் தடவிப் பார்த்தது. “இதைப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில கொண்டு வைக்கணும் அண்ணாச்சி!” என்றார் ஒருவர். கிண்டலடித்த மாமியார் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். “எம் மருமவ இல்லன்னா இன்னைக்கு நான் குருடன்” என்று வந்தவர்களிடமெல்லாம் மாமனார் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடுதான் அடுப்படியைச் சுத்தம் செய்யப் போனேன். அச்சைத் திறந்தேன். ஈயம் ஊற்றாத இரண்டாவது குழியில், இன்னும் ஈரம் காயாத சந்தனமும் குங்குமமும்.

வைத்தது நான்தான். பூஜைக்கு முன் எல்லாக் கருவிகளையும் புளி போட்டுத் துலக்கியது நான். அச்சின் வெளிப்பக்கம் துலக்கியும் போகாத எண்ணெய்க் கரி, பொட்டு ஒட்டவில்லை. ஒன்றுக்கும் பொட்டு விட்டுப்போகக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். திறந்து உள்ளே இரண்டு குழியிலும் வைத்து, பத்திரமாக மூடியும் வைத்தேன். கொதிக்கிற ஈயம் ஈரத்தில் பட்டால் வெடிக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் அத்தனை பேரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சேலை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

மறுநாள் மாமனார் சொன்னார்: “அச்சைச் சரியா காய வைக்காம ஊத்திருக்கேன். வயசாயிட்டு. இனிமே இந்தக் கையை நம்பக் கூடாது. துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருதேன்.”

நான் ஆசைப்பட்டதும் அதுதானே? இனி வீட்டில் ஈயமும் இருக்காது, வெடிமருந்தும் இருக்காது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றிலிருந்து அவர் மாறிவிட்டார். “கேஸ் அடுப்பை மூடினேனான்னு ஒருக்க பாரு தாயி” என்கிறார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, சரியானதுதானா என்று என்னிடம் கேட்கிறார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போகிறவர், இப்போது உட்கார்ந்த இடத்தில்தான் மடியில் வாங்கிக்கொள்கிறார். காட்டில் தகரம் தட்டுகிறார். பன்றிகள் அதற்குப் பழகிவிட்டன.

உண்மையைச் சொன்னால் மறுபடி அடுப்பு மூட்டுவார். என் மகள் இப்போது எல்லாவற்றையும் எடுத்து வாயில் வைக்கிற வயதில் இருக்கிறாள். சொல்லாவிட்டால், செய்யாத தப்புக்காக ஒரு மனிதர் தன் கையையே சந்தேகித்துக்கொண்டு இருப்பார். பயம் ஒருவரை எவ்வளவு சின்னதாக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

இந்த மாதக் கடைசியில் ஸ்டேஷனுக்குப் போகப்போகிறார். இதை வாசிக்கிற மருமகள்களும் மாமனார்களும் தயவுசெய்து அதற்குள் எழுதுங்கள்: நான் சொல்லிவிடட்டுமா?