பரீட்சை அட்டையில் ஒரு சாவு வீடு

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய தெருவில் நான் பேனா வாங்கும் கடையில் ஒரு சின்னத் தாள் கட்டு தொங்குகிறது. வாங்குமுன் எழுதிப் பார்ப்பதற்கு. வந்த புதிதில் அந்தத் தாளைப் பார்த்துத் திகைத்துப் போனேன். முழுக்க ‘உ’, ‘உ’, ‘உ’. பத்து ரூபாய்ப் பேனாவைச் சோதிப்பவர்கூடப் பிள்ளையார் சுழி போட்டுத்தான் சோதிக்கிறார். மலேசியாவில், எங்கள் கிள்ளானில், வட்டம் வட்டமாகக் கிறுக்கிப் பார்ப்போம். அங்கேயும் பிள்ளையார் உண்டு. மை வருகிறதா என்று பார்ப்பதற்கெல்லாம் அவரைத் தொந்தரவு செய்யமாட்டோம். கடைக்காரரிடம் ஆச்சரியத்தோடு அந்தத் தாளைக் காட்டினேன். நான் ஏதோ பேனாவைக் குறை சொல்கிறேன் என்று நினைத்து, “இது லீக் ஆவாதும்மா, வேணும்னா வேற கலர் எட்த்துக்க” என்று இன்னொரு டப்பாவைத் திறந்தார். இது ஏழாவது வருடம். இப்போது என் கையும் தன்னால் ‘உ’ போடுகிறது.

நான் தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதிப் பிழைப்பவள். மந்தைவெளியில் ஒற்றை அறை வீடு, தி.நகரில் கதை பேசும் அறை, ஷூட்டிங் எங்கேயோ அங்கே. கிள்ளானில் இருக்கும் பழைய தோழிகள் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்கிறார்கள். எந்த நாடகங்களைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டாய்? எதில் எழுதுகிறாய்? இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில் எதில் என்பது. கோலாலம்பூரில் வாங்கிய மடிக்கணினியோடு வந்து இறங்கினேன். பாத்திரத்தின் பெயர் நடுவில், வசனம் அதன் கீழே என்று தானாகவே அடுக்கித் தரும் மென்பொருள் அதில் இருந்தது. தி.நகர் அறையில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஆளுக்கொரு பரீட்சை அட்டை, அதன் கிளிப்பில் கோடு போட்ட நீளத் தாள். எங்கள் தொடரின் கதையைக் கையில் வைத்திருப்பவர் சேது சார். முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறவர், மாமியார், மருமகள், வக்கீல் என்று எல்லோராகவும் அவரே நடித்துக் காட்டிவிடுவார். என் கணினியை எட்டிப் பார்த்தார். “இதுல அடிச்சுத் திருத்தினதெல்லாம் அழிஞ்சுபோயிடுதேம்மா. நீ எங்க தடுமாறினேன்னு எனக்குத் தெரியணுமே” என்றார். அன்று சாயங்காலமே ஓர் அட்டை வாங்கினேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று ஒரு மாதத்தில் புரிந்துவிட்டது. அடித்து எழுதிய இடத்தில்தான் காட்சியின் நோவு இருக்கும். உதவி இயக்குநர் பிரபு அந்தத் தாளைப் படமெடுத்துச் செட்டுக்கு அனுப்புவான். அங்கே கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக உரக்கச் சொல்வான். வேறு மாநிலத்திலிருந்து வந்த எங்கள் கதாநாயகி, தமிழ் அரைகுறையாகத் தெரிந்த பெண், அதை வாங்கித் திருப்பிச் சொல்லிக்கொண்டே சரியான இடத்தில் கண்ணீர் விடுவாள். கேலி செய்கிறவர்கள் ஒருநாள் வந்து பார்க்கட்டும். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இனி நாடகங்கள். பெயர்கள் வேண்டாம், பெயர் சொன்னால் சண்டை வரும். கிள்ளானில் மத்தியான வேளைகளில் மலாய் எழுத்து ஓடும் கொரியத் தொடர் ஒன்று வந்தது. அதில் கோபமாக இருக்கும் தாய் கோபத்தைச் சொல்லவே மாட்டாள்; முள்ளங்கி நறுக்குவாள். ஒரு வாரம் முழுக்க முள்ளங்கிதான். இன்னொன்று, சென்னையில் எடுத்து எங்கள் ஊர் வீடியோக் கடைக்குக் கேசட்டில் வந்த பழைய வாராந்திரத் தொடர். வேலை போனதை வீட்டில் மறைக்கும் ஒரு மனிதர் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவார், அவ்வளவுதான். அந்த டிபன் பாக்ஸை இன்றைக்கும் நினைத்துப் பொறாமைப்படுகிறேன். இதையெல்லாம் எனக்குப் பார்க்கக் கற்றுத் தந்தவர் அப்பா. கிள்ளான் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த நாடகம் ஓடினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: “இவன் கையில என்ன வச்சிருக்கான்? வேலைவெட்டி இல்லையா இவனுக்கு?” கையில் ஒன்றும் இல்லாமல் பேசிக்கொண்டே இருக்கும் ஆட்களை அவர் நம்பவே மாட்டார். அதனால் என் தாள்களின் இடது ஓரத்தில் எப்போதும் ஒரு கோடு இருக்கும். வசனம் எழுதுமுன் அந்தக் கோட்டுக்குள் எழுதிவிடுவேன். கையில்: முருங்கைக்காய். கையில்: ஈரத் துண்டு. கையில்: பிள்ளையின் ஷூ. சேது சாருக்கு என்னிடம் பிடித்த ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த அந்த மாதங்களில் அப்பா போய்விட்டார். நான் மந்தைவெளியில் அகப்பட்டுக்கொண்டேன். பரீட்சை அட்டையைச் சுவரில் சாய்த்து, அதன் கிளிப்பில் போனைச் செருகி, தரையில் உட்கார்ந்து பார்த்தேன். தங்கை ஜெயா போனைக் கையில் பிடித்தபடி வண்டியில் ஏறினாள். எங்கள் பக்கத்தில் பெண்களும் கடைசி வரைக்கும் போவோம். அம்மா இறந்தபோது நானும் போனேன். சவ வண்டிக்குப் பின்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு போனோம், அதில் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அப்பாவோடு அப்படிப் போக எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மின்சார மயானத்தின் கதவு தெரிந்தது, ஜெயாவின் மூச்சு கேட்டது, அங்கே சிக்னல் போய்விட்டது. மீதியைப் பதிவு செய்து பிறகு அனுப்பினாள். நான் அதைத் திறக்கவே இல்லை.

அதனால்தான், எங்கள் தொடரில் கதாநாயகியின் அப்பா சாகவேண்டும் என்று முடிவானபோது, அந்த எபிசோடை எனக்குக் கொடுங்கள் என்று சேது சாரிடம் வாய்விட்டுக் கேட்டேன். ஏழு வருடத்தில் எதையும் கேட்டதில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. மகள் பாடைக்குப் பின்னால் நடக்கிறாள், அப்பாவோடு கடைசி வரைக்கும் போகிறாள். நான் நடக்காத நடையை அவளாவது நடக்கட்டும் என்று இருந்தேன். தி.நகர் அறையில் அதைப் படித்தேன். ஐந்து பேர் கேட்டார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடையாறில் ஷூட்டிங்குக்கு விடும் பழைய வீடு ஒன்றில் படப்பிடிப்பு. நாற்பது அடி தள்ளித் தெருமுனை. சாவு வீட்டில் அழுவதற்கு எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் நந்தனம் பக்கம் ஆற்றங்கரையில் இருந்தவர்கள், இப்போது பெருங்குடிக்கும் அப்பால் குடியேற்றப்பட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி தனம்மா. ஐம்பது வயதிருக்கும். அவர் ஒப்பாரி எடுத்தால் லைட் பிடிக்கிறவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொள்வார்கள். பாடை தயாராகிக்கொண்டிருந்தபோது பிரபு தாளோடு வந்தான்.

“மேடம், ஹீரோயின் முனை வரைக்கும்தானே வராங்க?”

“இல்ல பிரபு, கடைசி வரைக்கும்.”

“அதான் மேடம், முனை வரைக்கும்.”

“முனையைத் தாண்டியும் போறா. மயானத்துக்கு.”

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “சுடுகாட்டுக்கா? புரட்சி சீன் பண்றோமா மேடம்? சொல்லவே இல்லையே!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்கள் தெருமுனையோடு நின்று திரும்பிவிடுவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. எழுதவேண்டிய அவசியமே இல்லாதது. நான் ‘பின்னால் நடக்கிறாள்’ என்று படித்தபோது அந்த ஐந்து பேரின் மனதிலும் அவள் முனையில் நின்றுவிட்டாள். என் மனதில் மட்டும் நடந்துகொண்டே இருந்தாள். ஏழு வருடம் இந்த ஊர்ச் சாவு வீடுகளை எழுதியும், முனையில் நிற்பது என் கண்ணில் படாமலே போயிருக்கிறது.

சேது சாருக்குப் போன் போட்டார்கள். அவர் கோபப்படவில்லை. “அது உங்க ஊர்ப் பழக்கம்மா, நல்ல பழக்கம். ஆனா இங்க அதை வச்சா அதுவே கதையாயிடும். அப்பா செத்தது பின்னாடி போயிடும். முனையில நிறுத்து, அழவை, முடி” என்றார். தொழில் தெரிந்தவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. வெயில் இறங்குவதற்குள் ஒருமுறைதான் எடுக்க முடியும் என்றார் இயக்குநர். மாற்றி எழுதித் தருகிறேன் என்று வாசற்படியில் உட்கார்ந்தேன்.

ஓரக் கோடு போட்டேன். கையில்: என்று எழுதினேன். முனையில் நின்றுவிட்ட மகளின் கையில் என்ன இருக்கும்? தனம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னாமா, எழுதாம குந்திக்கினு கீற?”

சொன்னேன். எங்கள் ஊரில் பெண்கள் போவதையும், நான் போகாததையும், போனையும், கதவையும், ‘கையில்’ என்பதற்குப் பிறகு தாள் காலியாக இருப்பதையும். அவர் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “எங்கம்மாவ தூக்கினு போசொல்ல நானும் முனையிலயே நின்னுட்டேன்மா. ஒரே பொண்ணு நானு. மேளச் சத்தம் போய்க்கினே கீது, நான் நின்னுக்கினே கீறேன். கைல இன்னா இருந்துச்சுன்றியா? அதோட செருப்பு. எதுக்கு எட்த்துனு ஓடுனேன்னே தெரியல” என்றார்.

நான் எழுதினேன். கையில்: அப்பாவின் செருப்பு. முனையில் நிற்கிறாள். அழுகிறாள். தாளைப் பிரபுவிடம் கொடுத்துவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

டேக் ஆரம்பமானது. நான்கு பேர் பாடையைத் தூக்கினார்கள். செருப்போடு கதாநாயகி, அவளுக்குப் பின்னால் எட்டுப் பெண்கள். முனை வந்தது. பிரபு, “நில்லுங்க, நில்லுங்க, அப்பான்னு கத்துங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். கதாநாயகி நின்றாள். தனம்மா நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போனார். மார்பில் அடித்துக்கொண்டு, பாடையையே பார்த்துக்கொண்டு, முனையைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார். “யம்மா, நில்லுங்கம்மா!” என்று பிரபு கூவினான். மற்ற ஏழு பெண்களும் ஒரு கணம் தயங்கிவிட்டு அவர் பின்னாலேயே போனார்கள். நடுத்தெருவில் தனியாக நின்ற கதாநாயகி என்ன நினைத்தாளோ, செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். இயக்குநர் ‘கட்’ சொல்லவில்லை. அடுத்த தெருவும் முடியும் வரைக்கும், பஸ் ஹாரன் அடிக்கும் வரைக்கும், சொல்லவே இல்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

பாடையை இறக்கினார்கள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். அதுவரை யாரும் கலையமாட்டார்கள். “சார், சிரிச்சிடுங்க சார்” என்றான் பிரபு. அப்பாவாக நடித்த பெரியவர் மூக்கில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்தார், மாலையைச் சரிசெய்துகொண்டார், வாய் நிறையச் சிரித்தார். “டீ வந்துச்சாப்பா?” என்று கேட்டார். எட்டுப் பெண்களும் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிழலுக்குப் போனார்கள். திட்டு விழுமோ என்ற பயம் தனம்மா முகத்தில் இருந்தது. “கால் நிக்கல மேடம், மன்னிச்சுக்க” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்வது.

காட்சி அப்படியே ஒளிபரப்பானது. சேது சார் கூப்பிட்டு, “நீ எழுதினதும் இல்ல, நான் சொன்னதும் இல்ல. ஆனா அப்பா பின்னாடி போகலம்மா, முன்னாடிதான் இருக்கார்” என்றார். அப்படிச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும். கிள்ளானிலிருந்து ஜெயா குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: “அக்கா, நல்லாருந்துச்சுக்கா. ஆனா அந்த முனையில ஏன்லா அவ்ளோ மியூசிக்? நடந்துதானே போறாங்க?” விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு எப்படி விளக்குவது என்று இன்னும் தெரியவில்லை.

பிரபுவிடம் கேட்டு அந்தச் சிரிப்பை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், பத்து வினாடி. மயானத்தில் ஜெயா பதிவு செய்து அனுப்பியதையும் அதையும் போனில் ஒரே ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். மேலே கிள்ளான், கீழே அடையாறு. மேலே இருப்பதை இன்றுவரை திறக்கவில்லை. எழுத உட்காருமுன் கீழே இருப்பதைத் திறக்கிறேன். ஒருவர் பாடையில் எழுந்து உட்கார்ந்து, சிரித்து, டீ கேட்கிறார். பிறகு அட்டையை மடியில் வைத்து, ‘உ’ போட்டு, இடது ஓரத்தில் கோடு கிழித்து, அப்பா கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன். கையில்: டீ கிளாஸ்.